"ஒண்ணுமில்லை" என்ற பொய்



மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், நான் ரக்பி பற்றி எழுதப் போகிறேன் என்று எங்கள் வகுப்பில் சொன்னேன். ஒருவன், "ரக்பியா? அது என்ன, புது சோப்பா?" என்றான். இன்னொருவன், "அயனம்பாக்கம் ஏரிக்கரையில கிரிக்கெட் ஆடவே இடம் இல்ல. இவருக்கு ரக்பி கேக்குது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் இருக்கிறது. கட்டுரையை முழுவதும் படித்தால் உங்களுக்கே புரியும். நடுவில் பக்கத்தைப் புரட்டி கவிதைப் பகுதிக்கு ஓடிவிடாதீர்கள்!

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ரக்பி யூனியன் என்பது அணிக்கு 15 பேர் ஆடும் ஆட்டம். பாதிக்கு 40 நிமிடம், மொத்தம் 80 நிமிடம். பந்து நம்ம மாம்பழம் மாதிரி நீள்வட்டம். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தரவேண்டும். எதிர் அணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் 'ட்ரை', 5 புள்ளி. அதற்குப் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3. பந்து வைத்திருப்பவனை எதிராளி பிடித்துக் கீழே தள்ளலாம். அதுதான் டேக்கிள். சுருக்கமாகச் சொன்னால் கபடியும் கால்பந்தும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

"வெள்ளைக்காரன் விளையாட்டு நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருடா வருடம் மோதிக்கொள்ளும் கோப்பையின் பெயர் என்ன தெரியுமா? கல்கத்தா கோப்பை! 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்கள் ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆட்கள் மறு பக்கம் என்று பிரிந்து, பக்கத்துக்கு 20 பேராக ஆடினார்கள். மறு மாதமே, அதாவது 1873 ஜனவரியில், கல்கத்தா ஃபுட்பால் கிளப் உருவானது. ஐந்தே வருடத்தில் கிளப் படுத்துவிட்டது. நம்ம ஊர் வெயில் அவர்களை விரட்டிவிட்டது, போலோவும் டென்னிசும் ஆட்களை இழுத்துக்கொண்டன. கணக்கை முடிக்கும்போது வங்கியில் இருந்த 270 வெள்ளி ரூபாயை எடுத்து, உருக்கி, கோப்பையாகச் செய்து, 1878இல் இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன் மூன்று கைப்பிடியும் நாகப்பாம்பு, மூடியின் மேல் யானை! உலகத்தின் மிகப் பழைய சர்வதேச ரக்பிப் போட்டியின் பரிசு நம்ம நாட்டு ரூபாயை உருக்கிச் செய்த பாத்திரம். அப்படியானால் பார்க்க நமக்கும் உரிமை உண்டுதானே?

இன்னும் கிட்டத்தில் வருவோம். நம் தீவுத்திடல் அருகில் இருக்கும் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே ரக்பி உண்டு. இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளே பெரிய கூட்டத்துக்கு முன்னால் ஆடுகிறார்கள். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக மோதத் தொடங்கி 80 வருடம் ஆகிறது. 2019இல் மணிலாவில் நம் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. 15 பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் சர்வதேச வெற்றி. கடைசி நேரத்தில் பெனால்டி உதைத்து ஜெயிக்க வைத்தவர் ஒடிசாவைச் சேர்ந்த சுமித்ரா நாயக். 2025 ஜூனில் மும்பையில் முதன்முதலாக நடந்த ரக்பி பிரீமியர் லீகில், அது அணிக்கு 7 பேர் ஆட்டம், கோப்பையைத் தூக்கியது எந்த ஊர் தெரியுமா? சென்னை புல்ஸ்! இறுதி ஆட்டத்தில் டெல்லியை 41–0 என்று கவிழ்த்தார்கள். நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, அது போகட்டும்.

எனக்கு இந்த ஆட்டம் ஏன் பிடித்தது? அதில் ரெஃப்ரியை யாரும் சூழ்ந்துகொண்டு கத்துவதில்லை. பேச வேண்டுமானால் கேப்டன் மட்டும் போய்ப் பேசலாம். ரெஃப்ரியிடம் மைக் இருக்கிறது. அவர் ஏன் அந்த முடிவு எடுத்தார் என்று டிவி பார்ப்பவர்களும் கேட்கலாம். ஆறரை அடி மலை மாதிரி ஆள், ஐந்தரை அடி ரெஃப்ரி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "எஸ் சார்" என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அப்புறம், சின்னவன் பெரியவனை அடிக்கும் நாள் இதிலும் வரும். 2015 உலகக் கோப்பையில் ஜப்பான், இரண்டு முறை சாம்பியனான தென்னாப்பிரிக்காவிடம் 29–32 என்று பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடம். பெனால்டி கிடைத்தது. உதைத்தால் 3 புள்ளி, ஆட்டம் சமன். அது போதும், உலகமே பாராட்டும். ஆனால் அவர்கள் உதைக்கவில்லை. ஸ்க்ரம் கேட்டார்கள். பந்தை ஓரத்துக்குக் கொண்டுபோய் ட்ரை போட்டு 34–32 என்று ஜெயித்தார்கள். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ரக்பி ரசிகர்களிடம் சில வருடங்களாக ஒரு பெரிய சண்டை. சிவப்பு அட்டை சண்டை! டேக்கிள் செய்யும்போது தோளோ தலையோ எதிராளியின் தலையில் மோதினால், வேண்டுமென்று செய்யாவிட்டாலும், ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் சிவப்பு அட்டை. ஆள் வெளியே. அணி 14 பேரோடு ஆடவேண்டும். "ஆட்டம் கெட்டுப் போச்சு", "ஆம்பளைங்க விளையாட்டைப் பொம்பளைங்க விளையாட்டு ஆக்கிட்டாங்க", "டிக்கெட் வாங்கினது 15 பேர் ஆடறதைப் பார்க்க" என்று பலர் புலம்புகிறார்கள். (பொம்பளைங்க ஆடும் ரக்பியை இவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பார்த்தால் இப்படிப் பேச மாட்டார்கள்.)

நானும் அப்படித்தான் புலம்பினேன். அது 2023 அக்டோபர் 28, சனிக்கிழமை. பாரிஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நியூசிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும். நமக்கு அது ராத்திரி பன்னிரண்டரை மணி. நான் அப்போது முதல் வருடம். எங்கள் வீடு ஒரே ரூம். அம்மாவும் தங்கச்சியும் தூங்கிவிட்டார்கள். அப்பாவின் செல்போனை வாங்கி, சத்தத்தைக் குறைத்து, போர்வைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நியூசிலாந்து பக்கம். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆவதற்குள் நியூசிலாந்து கேப்டன் சாம் கேன், தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரியல் மேல் மோதினார். தோள் தலையில் பட்டுவிட்டது. முதலில் மஞ்சள் அட்டை கொடுத்து உட்கார வைத்தார்கள். மைதானத்துக்கு வெளியே இருக்கும் அதிகாரி வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து அதைச் சிவப்பு ஆக்கினார். ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் ஆள் அவர்தான். அதுவும் கேப்டன்! மீதி ஆட்டம் முழுவதும் நியூசிலாந்து 14 பேரோடு ஆடியது.

"அட போங்கடா!" என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த அப்பா தூங்கவில்லை. "என்னடா?" என்றார். சொன்னேன். போனை வாங்கிப் பார்த்தார்.

"அடிச்சவன வெளிய அனுப்பிட்டாங்க சரி. அடிபட்டவன் எங்க?"

"அவனுக்கு மயக்கம் கியக்கம் இருக்கான்னு டாக்டர் பார்ப்பாங்கப்பா. சந்தேகம்னா உள்ள விடமாட்டாங்க."

"அவன் எனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னா?"

"சொன்னாலும் விடமாட்டாங்க. டாக்டர் சொல்றதுதான்."

"கேப்டன் கேட்டா?"

"கேப்டன் கேட்டாலும்தான்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்லாத்தான் வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு, நெற்றியைக் கையால் அழுத்திக்கொண்டு திரும்பிப் படுத்தார். நான் மறுபடி ஆட்டத்தில் மூழ்கிவிட்டேன். இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கோலிசிக்கும் தலை மோதலுக்காக மஞ்சள் அட்டை. அது சிவப்பாக மாறவில்லை. கடைசியில் தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. ஒரே ஒரு புள்ளி! "அந்தச் சிவப்பு அட்டை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்..." என்று எனக்கு ஒரு வாரம் ஆறவில்லை.

அப்பா ஏன் நெற்றியை அழுத்தினார் என்று நான் கேட்கவில்லை. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

அப்பா லேத் ஆபரேட்டர். அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி இருக்கும் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகளில் ஒன்று. எட்டு பேர் வேலை. பேர் வேண்டாம். ஆயுத பூஜைக்கு முந்திய வாரம். ஆர்டர் நெருக்கடி ஒரு பக்கம், பட்டறையைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலை இன்னொரு பக்கம். கனமான ஜாப் ஒன்றைச் செயின் பிளாக் வைத்து லேத்தில் ஏற்றிவிட்டு, கொக்கியைக் கழற்றியிருக்கிறார்கள். யாரோ செயினை இழுக்க, கொக்கி ஆடி வந்து அப்பாவின் காதுக்கு மேலே அடித்திருக்கிறது. சில வினாடி கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாராம். வேஸ்ட் காட்டனை வைத்து ரத்தத்தை அழுத்தி, தண்ணீர் கொடுத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "என்னப்பா, முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி, அரை மணி நேரத்தில் மறுபடி மெஷினில் நின்றுவிட்டார்.

ராத்திரி பிளாஸ்திரியோடு வீட்டுக்கு வந்தபோது நானும் கேட்டேன், "என்னாச்சுப்பா?" என்று. "ஒண்ணுமில்லடா" என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஏனென்றால் அந்த மாதம் எனக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாவது. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. என்னுடைய ஃபீஸ் ரசீதை அப்பா சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். ஆயுத பூஜை அன்று தலையில் பிளாஸ்திரி, அதற்குக் கீழே விபூதி, கையில் பொரி, பழத்தோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு தலைவலி. மாத்திரை போட்டார். பிறகு காலையில் எழுந்தால் தள்ளாட்டம். "பித்தம்" என்றார் அம்மா. சொன்னதையே திரும்பச் சொன்னார். "வயசாகுது" என்று நாங்களே கேலி செய்தோம். அப்போது அவருக்கு 46 வயது. தீபாவளி முடிந்த வாரம், பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது விழுந்துவிட்டார். குடித்துவிட்டு விழுந்தார் என்று நினைத்துச் சிலர் ஒதுங்கிப் போனார்களாம். அப்பா குடிக்க மாட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. "சமீபத்தில் தலையில் அடிபட்டதா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா "இல்லை" என்றார். எனக்குத்தான் சட்டென்று ஞாபகம் வந்தது. "ஒரு மாசம் முன்னாடி..." என்றேன். "அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமே தம்பி" என்றார் டாக்டர். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆபரேஷன் நடந்தது. பிழைத்தார். அந்த டிசம்பர் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றபோது, அப்பா தலையில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்து, "பட்டறையில மோட்டார் நனைஞ்சிருக்குமே" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்! இப்போது லேத்தில் நிற்க முடியாது. ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை. மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பாகம் பார்த்து வேலை செய்த மனுஷன், சில நாள் வந்துபோகிறவர்களின் பெயரை மறந்துவிடுகிறார்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் அந்த ஆட்டத்தை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். சிவப்பு அட்டை ஏன் வந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது.

ரக்பியும் நம் பட்டறை மாதிரிதான் இருந்தது நண்பர்களே! தலையில் அடிபட்டு ரத்தம் ஒழுக, கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே ஓடுபவன்தான் வீரன். அவனுக்குத்தான் கைதட்டல். 2011இல் வட அயர்லாந்தில் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன், ஒரே ஆட்டத்தில் தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடி, மறுபடி அடிபட்டு விழுந்து, இறந்து போனான். முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும் ஆளைக் கொன்றுவிடலாம்.

2012இல் சர்வதேச ரக்பியில் ஒரு சோதனை முறை வந்தது. அடிபட்டவனை வெளியே கூட்டிப்போய் 5 நிமிடம் பரிசோதித்து, தேறினால் திருப்பி அனுப்பலாம். "5 நிமிடத்தில் எதைக் கண்டுபிடிப்பது?" என்று எதிர்த்து, டாக்டர் பாரி ஓ'டிரிஸ்கால், தானே பழைய அயர்லாந்து வீரர், சர்வதேச ரக்பி வாரியத்தின் மருத்துவக் குழுவிலிருந்து விலகிவிட்டார். அவர் பயந்தது நடந்தது. 2013 ஜூலையில் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஸ்மித் தலைகள் மோதி, கால் பின்ன, தாங்கிப் பிடித்து வெளியே கொண்டு போகப்பட்டார். சில நிமிடத்தில் திரும்பி வந்து ஆடினார்! 2015 பிப்ரவரியில் கார்டிஃபில் இங்கிலாந்துக்கு எதிராக வேல்ஸின் ஜார்ஜ் நார்த் இரண்டு முறை தலையில் அடிபட்டும் ஆடிக்கொண்டே இருந்தார். டிவியில் ஊரே பார்த்தது. ஆனால் மைதான ஓரத்தில் இருந்தவர்கள், "எங்கள் கண்ணில் படவில்லை" என்றார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டிலேயே என் கண்ணில் படவில்லையே!

இப்படித்தான் ஒவ்வொன்றாக மாறியது. அந்த 5 நிமிடம் 10 ஆனது. டாக்டர்கள் வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வசதி வந்தது. கால் தள்ளாடினாலோ, ஒரு கணம் நினைவு தப்பினாலோ பரிசோதனையே கிடையாது, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, வெளியேதான்! தலைக்குப் போகும் டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை என்ற கெடுபிடியும் அப்படித்தான் வந்தது.

ஆனால் பலருக்கு அது தாமதம். 2003இல் சிட்னியில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவை 20–17 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்தது. அந்த அணியில் முன்வரிசையில் ஆடியவர் ஸ்டீவ் தாம்ப்சன். 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று அவர் வெளியே சொன்னார். உலகக் கோப்பை ஜெயித்ததே அவருக்கு ஞாபகம் இல்லையாம். உலகமே பார்த்த ஆட்டம், ஆடியவருக்கு ஞாபகம் இல்லை! அவரைப் போல நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்கள், தங்களைக் காப்பாற்றத் தவறியதாகச் சொல்லி ரக்பி அமைப்புகள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த அமைப்புகளுக்குத் தானாகவே ஞானம் வந்தது என்று நான் சொல்லவில்லை. டாக்டர்கள் சண்டை போட்டார்கள், பிள்ளையை இழந்த குடும்பம் போராடியது, வீரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதனால் வந்த விதிகள் இவை.

எலெக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்கு ஒரு தகவல். இப்போது பெரிய போட்டிகளில் வீரர்கள் பல்லில் மாட்டும் கவசத்துக்குள் சென்சார் வைத்துவிட்டார்கள். தலை எவ்வளவு வேகமாகக் குலுங்கியது என்று அளந்து, அளவு தாண்டினால் மைதான ஓரத்தில் இருக்கும் டாக்டருக்குச் செய்தி போகிறது. 2025இல் இங்கிலாந்தில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையில் அந்தக் கவசத்தில் சிவப்பு விளக்கே எரிந்தது. எதற்கு இவ்வளவு? வீரன் "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வான் என்று தெரிந்துகொண்டதால்! அடிபட்டவன் வாயை நம்பாமல், வாய்க்குள் ஒரு சாட்சியை வைத்திருக்கிறார்கள்.

சரி, எதிர்க்கட்சிக்காரர்களின் வாதத்தையும் பார்ப்போம். "ஒருவன் செய்த தப்புக்கு ஒரு அணி முழுக்க, காசு கொடுத்த ரசிகன் முழுக்க தண்டனை அனுபவிக்க வேண்டுமா?" இது நியாயமான கேள்விதான். இதற்காகவே 2024 நவம்பர் ஆட்டங்களிலும் 2025 சிக்ஸ் நேஷன்ஸிலும் 20 நிமிடச் சிவப்பு அட்டையைச் சோதித்துப் பார்த்தார்கள். தப்புச் செய்தவன் திரும்ப முடியாது, ஆனால் 20 நிமிடம் கழித்து வேறு ஆள் வரலாம். ரசிகனாக எனக்கு அது இனிப்பாக இருந்தது. ஆனால் யோசித்தால், அணிக்கு வலித்தால்தான் கோச் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பார். தனி ஆளுக்கு மட்டும் வலித்தால், "அவன் தலையெழுத்து" என்று விட்டுவிடுவார்கள். பட்டறையிலும் அப்படித்தானே? அடி அப்பாவுக்கு மட்டும்தான் வலித்தது. பட்டறைக்கு வலிக்கவில்லை. மறுநாள் அதே செயின் பிளாக், அதே கொக்கி!

"அடிதடி ஆட்டத்தில் அடிபடத்தான் செய்யும், பயந்தால் கேரம் போர்டு ஆடு" என்பது இன்னொரு வாதம். அடிபடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கை உடைந்தால் கட்டுப் போடலாம். முட்டி போனால் ஆபரேஷன் செய்யலாம். கை உடைந்தவனுக்குத் தன் கை உடைந்தது தெரியும். தலையில் அடிபட்டவனுக்குத் தெரியாது. ஏனென்றால் தெரிந்து சொல்ல வேண்டிய இடத்தில்தான் அடி விழுந்திருக்கிறது. பழுதான மீட்டரை வைத்துக்கொண்டு, "மீட்டர் சரியாக இருக்கிறதா?" என்று மீட்டரையே கேட்பது போன்றதுதான் அது. அதனால்தான் முடிவு அவன் கையில் இருக்கக் கூடாது என்கிறேன். கேப்டன் கையிலும் கூடாது. ஃபோர்மேன் கையிலும் கூடாது. மகன் கையிலும் கூடாது.

நண்பர்களே, நாம் இன்னும் ஒரு வருடத்தில், இரண்டு வருடத்தில் வெளியே போய்விடுவோம். பலர் அம்பத்தூர், ஆவடி, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர் என்று வேலைக்குப் போவோம். முதலில் டிரெயினி, பிறகு சூப்பர்வைசர். நம் அப்பா வயது ஆட்கள் நம் கீழே வேலை செய்வார்கள். அவர்களில் ஒருவர் தலையில் அடிபட்டு, "ஒண்ணுமில்ல சார், முடிச்சுட்டுப் போறேன்" என்பார். ப்ரொடக்ஷன் டார்கெட் நம் தலைமேல் இருக்கும். அந்த நேரத்தில் நாம் யார் என்பது தெரிந்துவிடும்!

ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் பலமாக அடிபட்டவருக்கு வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், குளறும் பேச்சு, தள்ளாட்டம், வலிப்பு, நடந்தது மறந்துபோவது, ஒரு கண் பாப்பா மட்டும் பெரிதாவது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அடுத்த நாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. ஒரு கணம் நினைவு தப்பியிருந்தால், இப்போது நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிதான். அன்று அவரைத் தனியாக விடக் கூடாது, வண்டி ஓட்ட விடக் கூடாது, மெஷினில் நிற்க விடக் கூடாது. வாரக்கணக்கு கழித்து வரும் தலைவலியையும் தள்ளாட்டத்தையும் பித்தம் என்று விட்டுவிடக் கூடாது. முக்கியமாக, அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. கூலி போகும் என்றால் யாராக இருந்தாலும் "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வார்கள்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். சென்ற வருட விளையாட்டு விழாவில் கபடி ஆடும்போது நம் மாணவர் ஒருவர் தலை தரையில் மோதி விழுந்தார். தண்ணீர் தெளித்தார்கள். எழுந்தார். மறுபடி ரெய்டு போனார். எல்லோரும் விசில் அடித்தோம். அவருக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. விசில் அடித்தவர்களில் நான் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நானும் அடித்தேன். விஷயம் எல்லாம் தெரிந்திருந்தும், அந்த நிமிடத்தில் நம் டிபார்ட்மெண்ட் ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், நல்ல மனசு போதாது, விதி வேண்டும். இந்த வருடம் முதல் கபடி, கால்பந்து, கிரிக்கெட் எதுவானாலும், தலையில் அடிபட்டவர் அன்றைக்கு மீண்டும் ஆடக் கூடாது, அவர் கேட்டாலும் கூடாது, கேப்டன் கெஞ்சினாலும் கூடாது என்று பேரவை ஒரு தீர்மானம் போடட்டும். பதிலுக்கு வேறு ஆள் இறங்கட்டும். இதற்குப் பட்ஜெட் வேண்டாம், பிரின்சிபால் கையெழுத்து ஒன்று போதும். ரக்பி அணி நமக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை. ரக்பி காசு கொடுத்து, உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்ட இந்த ஒரு விதியை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாமே!

கடைசியாக ஒன்று. இப்போது அப்பாவும் என்னோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கிறார். நைட் ஷிஃப்ட் இல்லாத நாளில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் பார்ப்போம். எந்த நாடு, யார் கேப்டன் என்பதெல்லாம் அவருக்கு நிற்பதில்லை. "பச்சைச் சட்டை", "கறுப்புச் சட்டை" அவ்வளவுதான். ஸ்கோரும் மறந்துவிடும். ஆனால் யாராவது தலை மோதி விழுந்தால் போதும், ரெஃப்ரி விசில் அடிப்பதற்கு முன்னால் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"டேய், அவன வெளிய கூப்பிடச் சொல்லுடா. ஒண்ணுமில்லன்னு சொல்லுவான். நம்பாத!"

நம்ப மாட்டேன் அப்பா. இனி யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை,
அயனம்பாக்கம்.